எனக்கு ஒரியா தெரியாது

மார்ச் 4, திங்கள்

இன்றிலிருந்து நான் ஒரியா படிக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு.

காலையில் மேனேஜர் ஜெகதீசன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபத்தாறு வருஷமாக இந்தப் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஏதோ வில்லங்கம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க சம்பூரணம், உங்க லைன்ல நாப்பது புள்ளைகளும் ஒரிசாக்காரிக. அவளுக என்ன பேசிக்கிறாளுகன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. அது எதுக்குங்க எனக்கு? பீஸ் வந்தாச் சரி."

"போன வருஷம் ஜூன்ல ஒரு நாள் அத்தனை பேரும் மெஷின்ல கை வெக்காம உக்காந்துட்டாளுக. லோடு லேட்டாகி ஏரோப்ளேன்ல அனுப்ப வேண்டியதாப் போச்சு. எவ கெளப்பி விட்டாள்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் இந்தில கேட்டா 'ஜீ சார், ஜீ சார்'ங்கறாளுக. நீங்க அவளுக பாஷையக் கத்துக்கங்க. வேலை சொல்றதுக்குன்னு சொல்லிக் கத்துக்கங்க. காதை மட்டும் தொறந்து வெய்ங்க. ஒரே ஒரு பேரு கெடச்சாப் போதும், இவளுகளக் கூட்டியாந்த ஏஜெண்டுகிட்டச் சொல்லி ரயிலேத்தி விட்டுரலாம்."

எனக்கு என்ன கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து ஃப்ளோர் இன்சார்ஜ்.

சூப்பர்வைசருக்கு நாற்காலி கிடையாது. காலையிலிருந்து ராத்திரி ஷிப்டு முடியும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். இன்சார்ஜுக்கு நாற்காலி உண்டு, மேசை உண்டு, தனி ஃபேன் உண்டு. மூன்று தடவை அந்த வேலை காலியானது. மூன்று தடவையும் எனக்குப் பிறகு வந்த ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். ஆகவே சரி என்றேன்.

மார்ச் 9, சனி

மொபைலில் ஒரியா சொல்லித் தரும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நன்றாகச் சிரிக்கிறாள். தினமும் டைரி எழுதினால் பாஷை சீக்கிரம் வரும் என்கிறாள். நூல் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டேன், தொடர்ந்து எழுதலாம். ஒரியாவில் எழுத வராது என்பதால் தமிழில் எழுதுகிறேன். இப்படி எழுதினால் எப்படி ஒரியா வரும் என்று அவள் சொல்லவில்லை.

சட்னி அரைத்துக்கொண்டே ஒன்று முதல் பத்து வரை சொன்னேன். ஆறுக்குப் பிறகு உப்புப் போட மறந்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

மொபைல் பெண்ணால் ஆகாது. அவள் ஹோட்டலில் அறை கேட்பதற்கும் கோயிலுக்கு வழி கேட்பதற்கும் சொல்லித் தருகிறாள். நான் எந்தக் காலத்தில் பூரி போய் அறை கேட்கப் போகிறேன்?

லைனில் தமிழ் தெரிந்தவள் ரஸ்மிதா ஒருத்திதான். பேட்லாக் மெஷின் ஓட்டுகிறாள், இருபத்து நாலு வயது, இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. அவளுடைய தமிழ் கிழிந்த பீஸ் மாதிரி இருக்கும், ஆனாலும் உடுத்த ஆகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன்.

"எனக்கு ஒரியா சொல்லிக் குடுக்கிறயா புள்ள?"

"எதுக்கு அக்கா?"

"வேல சொல்றதுக்கு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "நாலு வருசம் நீ தமிழ்லதான் வேல சொல்ற. நாங்க எல்லாம் புரியுது."

"என்ன புரியுது?"

"நீ கோவம்னு புரியுது."

நாளையிலிருந்து வகுப்பு.

மார்ச் 14, வியாழன்

பாணி - தண்ணீர். சூதா - நூல். கைஞ்சி - கத்தரி. லைன் நடுவில் நின்று "சூதா!" என்றேன். நாற்பது பேரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். என்ன தப்பு என்று கேட்டேன். தப்பே இல்லையாம். சரியாகச் சொன்னேனாம், அதற்குத்தான் சிரித்தார்களாம்.

இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பார்த்து இந்த லைனில் யாரும் சிரித்ததில்லை. காது சூடாகிவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

மெஷின் பக்கத்திலிருந்து டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பத்தொன்பது வயது. அவளை எல்லாரும் கூனி என்று கூப்பிடுகிறார்கள். நிமிர்ந்து தென்னங்கன்று மாதிரி நிற்கிற பெண்ணைப் போய் அப்படிக் கூப்பிட எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்கள் பாஷையில் குட்டி என்று அர்த்தமாம்.

கூனிக்கும் ஒரியா சொந்த பாஷை இல்லையாம். மலைக்காட்டு ஊர், வீட்டில் வேறு பாஷை. ஒரியாவை இங்கே கம்பெனி ஹாஸ்டலில்தான் கற்றுக்கொண்டாளாம். இப்போது தமிழும் பிடிபடுகிறது. எனக்கு ஒன்றுக்கே நாக்கு சுளுக்குகிறது.

மார்ச் 27, புதன்

இன்று ரஸ்மிதாவிடம் நேரடியாகவே கேட்டேன். "திட்டறதுக்கு என்ன சொல்லோணும்?"

"திட்டறதா?"

"வேகமா ஓட்டலைன்னா சொல்றதுக்கு. 'உங்கையி என்ன கல்யாண வீட்டுக்குப் போயிருக்குதா'ங்கற மாதிரி."

"அது 'தீரே தீரே' சொல்லணும் அக்கா."

தீரே தீரே என்றால் மெதுவாக, மெதுவாக. இது எனக்கே தெரியும். அதைத்தான் மொபைல் பெண் முதல் நாளே சொன்னாளே. வேகத்துக்கு என்னவென்று கேட்டால், மெதுவாகப் போனால்தான் வேகமாக வரும் என்கிறாள்.

"செரி, சோம்பேறிக்கு?"

"ஒரியாவுல இல்ல அக்கா."

"மூதேவிக்கு?"

"அதும் இல்ல."

கோடிப் பேர் பேசுகிற பாஷையில் திட்டு ஒன்றுகூட இல்லையாம். அப்புறம் அங்கே மாமியார்கள் என்னதான் செய்கிறார்கள்?

ஏப்ரல் 3, புதன்

கூனியின் விரலில் ஊசி ஏறிவிட்டது. நகத்தை ஒட்டி ரத்தம். அவள் ஒரு வார்த்தையைச் சத்தமாகக் கத்தினாள். பக்கத்தில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருந்து போட்டு அனுப்பிவிட்டு ரஸ்மிதாவிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன்.

"அது ஒரு காய் அக்கா. எங்க ஊர்ல வெளையும்."

ஊசி குத்தினால் காய்கறி பெயரைச் சொல்லும் வழக்கம் விநோதமாக இருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

வெயில் தாங்கவில்லை. தகர ஷெட்டில் ஃபேன் சுற்றினால் அடுப்பங்கரைக் காற்றுதான் வருகிறது.

இதுவரை கற்றுக்கொண்டவற்றை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காயிச்ச - சாப்பிட்டாயா. தொகி கொலொ கி - களைத்துவிட்டாயா. டிகே பொஸொ - கொஞ்சம் உட்கார். பாணி பியொ - தண்ணீர் குடி. டொரொ நாஹி - பயப்படாதே. பொலொ - நல்லது.

இது சூப்பர்வைசர் பேசுகிற பாஷையா? கிட்டத்தட்ட ஒரு மாதம் மத்தியானச் சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு படித்து, என் கையில் இருப்பது இவ்வளவுதான். ரஸ்மிதா திருட்டுத்தனமாக எனக்கு நல்ல வார்த்தைகளை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறாள். ஒரியாவில் நான் நல்லவள். தமிழுக்குத் திரும்பினால்தான் பழைய ஆள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேனேஜர் வந்து, "லைன்ல பீஸ் எச்சாயிருக்குதுங்களே, ஒரியாவுல நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கறீங்களாட்ட இருக்குது" என்றார். ஆமாங்க என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு வைத்தால் பாயசம் சரியாக வருவதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

மிச்சப் பாயசம் கெட்டுப்போனதைச் சொன்னதற்கு ரஸ்மிதா கோபித்துக்கொண்டாள். "அபா, எங்களுக்கு எடுத்துட்டு வரலாம்ல?"

அபா என்றால் என்ன என்று கேட்டேன். அக்காவாம். நாலு வருஷமாகத் தமிழில் அக்கா என்றுதானே கூப்பிடுகிறாய் என்றேன்.

"அது இங்க எல்லாரையும் கூப்டறது. டீக்கடை அக்கா, பஸ் அக்கா. இது வேற."

எப்படி வேறு என்று சொல்ல அவளுக்குத் தமிழ் போதவில்லை. எனக்கு ஒரியா போதவில்லை. மணி அடித்துவிட்டது.

மே 6, திங்கள்

ரஸ்மிதா வீட்டிலிருந்து போன் வந்ததாம். முகம் செத்துக் கிடந்தது. பாடத்தை விட்டுவிட்டு என்னவென்று கேட்டேன். ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறானாம். நாற்பது வயது, முதல் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், இரண்டு குழந்தைகள். அவள் இங்கே வேலையில் இருக்கும்வரை வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள். வேலை போய் ஊர் திரும்பினால் அந்த வாரமே தாலி.

"இங்க இருக்கறதுதான் எனக்கு நல்லது அபா. வெயிலா இருந்தாலும்."

"வேறொரு கம்பெனிக்குப் போறது?"

"ஏஜெண்டு ஒருத்தன்தான். அவன் வேண்டாம் சொன்னா எந்தக் கம்பெனியும் வேண்டாம்."

சாயங்காலம் மேனேஜர், "பேரு ஏதாச்சும் ஆப்ட்டதுங்களா?" என்றார். இன்னும் வேகமாகப் பேசினால் புரிவதில்லை என்றேன். அது உண்மைதான்.

மே 21, செவ்வாய்

தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பீஸ் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஜூன் பதினாலாம் தேதி எப்போதும்போல ஷிப்டுக்கு வரவேண்டும். மெஷின் முன்னால் உட்கார வேண்டும். காலைத் தூக்கி ஸ்டூல் மேலே வைத்துக்கொள்ள வேண்டும், பெடலை மிதிக்கக் கூடாது. யார் சொன்னது என்று கேட்டால் யாரும் யாரையும் காட்டக் கூடாது. கூனி பயமாக இருக்கிறது என்றாள். டொரொ நாஹி, நான் பார்த்துக்கொள்கிறேன், போன வருஷமும் நான்தானே பார்த்துக்கொண்டேன் என்றது ரஸ்மிதாவின் குரல்.

முதல்முறையாக ஒரு பேச்சு முழுக்க, ஒரு வார்த்தை விடாமல், எனக்குப் புரிந்தது. அப்படியொரு சந்தோஷம். மூட்டையைத் தட்டிக்கொண்டேன். என்ன புரிந்தது என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன்.

மே 22, புதன்

இந்த டைரி சில நாள் கைப்பையோடு கம்பெனிக்கும் வருகிறது. யாராவது எடுத்துப் படிக்கலாம். ஆகவே படிப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்: நேற்று எழுதியதில் எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. குழாய்த் தண்ணீர்ச் சத்தம் வேறு. அந்தக் குரல் யாருடையது என்று சத்தியமாகத் தெரியாது. எனக்கு ஒரியா வராது.

கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

மே 24, வெள்ளி

சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல ரஸ்மிதாவிடம் கேட்டேன். "ஏம் புள்ள, உங்கூர்ல ஜூன் மாசம் ஏதாச்சும் நோம்பி உண்டா?"

அவள் டப்பாவை மூடினாள். பிறகு சொன்னாள். ரொஜொ என்று ஒரு பண்டிகை, மூன்று நாள். மழை தொடங்குவதற்கு முன்னால் பூமிக்கு அந்த மூன்று நாளும் தீட்டாம். அதனால் ஏர் பூட்ட மாட்டார்களாம், மண்ணைக் கிளற மாட்டார்களாம். பூமி ஓய்வெடுக்கும்போது பெண்களும் ஓய்வெடுக்க வேண்டும். சமைக்கக் கூடாது, கூட்டக் கூடாது, வெறுங்காலோடு மண்ணை மிதிக்கக் கூடாது. காலில் சிவப்பாகச் செம்பஞ்சு பூசிக்கொண்டு, புதுத் துணி உடுத்தி, ஊஞ்சலில் உட்கார வேண்டியது. ஆம்பிளைகள் ஆட்டிவிடுவார்களாம்.

"ஆம்பளைங்களா?"

"ஆமா அபா."

"அடுப்படி?"

"முன்னாடி நாளே பிட்டா சுட்டு வெச்சுருவோம். அதைத் தின்னுக்கிட்டு ஆடறதுதான்."

எங்கள் ஊரில் அந்த மூன்று நாளும் பொம்பளையைக் கொல்லைப்புறம் ஒதுக்கி வைத்து, தனித் தட்டில் சோறு போட்டார்கள். அங்கே ஊஞ்சலில் வைக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ரஸ்மிதா மேல் இல்லை, யார் மேல் என்று தெரியவில்லை.

"லீவு கேக்கலாமுல்ல?"

"போன வருசம் ஹாஸ்டல் வார்டன்கிட்ட கேட்டோம். அவங்க சார்கிட்ட சொன்னாங்க."

வார்டனுக்கும் ஒரியா தெரியாது. அவள் புரிந்துகொண்டு மேனேஜரிடம் சொன்னது இவ்வளவு: "புள்ளைகளுக்கு மூணு நாள் லீவு வேணுமாமுங்க, வீட்டுக்குத் தூரமாமுங்க." அதற்கு அவர், "நாப்பது பேருக்கும் ஒரே நாள்லயா?" என்று கேட்டாராம். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

ஜூன் 3, திங்கள்

மேனேஜரிடம் நானே போய், நோம்பிக்கு ஒரு நாள் விட்டால் என்னவென்று கேட்டேன். பண்டிகை என்ன என்பதையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"பதினெட்டாம் தேதி லோடு ஏறோணும். இதுக லீவு, அதுக லீவுன்னு ஒவ்வொரு ஊருக்கும் விட்டா நான் கடைய மூடிட்டு ஊஞ்சல்லதானுங்க ஆடோணும்" என்றார். பிறகு, "ஏனுங்க, இவ்வளவு வெவரமாப் பேசறீங்க. அப்ப உங்களுக்கு நல்லாப் புரியுது" என்றார்.

"நோம்பி மட்டுந்தானுங்க புரிஞ்சுது."

"பேரு?"

"அது புரியலீங்க."

போனது தப்பு. வாயைக் கட்டியிருக்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

இப்போது ஓடுவது குழந்தைகள் ராத்திரியில் போடும் உடுப்பு, நெஞ்சில் மஞ்சள் வாத்து. வெளிநாட்டுக் குழந்தைகள் வாத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும்போல.

லைன் நடுவில் நின்று ஒரியாவில் சொன்னேன்: பதிமூன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் இந்த வாத்தெல்லாம் முடிந்துவிட்டால் நல்லது. ஏன் என்று நான் சொல்லவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. ரஸ்மிதா மட்டும் மெஷினை நிறுத்தி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "கை என்ன கல்யாண வீட்டுக்குப் போயிருக்குதா?" என்று தமிழில் கேட்டேன். உடனே ஓட்ட ஆரம்பித்தாள்.

ஜூன் 10, திங்கள்

பிசிறு வெட்ட ஆள் போதவில்லை. நானே கத்தரியை எடுத்துக்கொண்டு கூனி பக்கத்தில் நின்று வெட்டினேன். சூப்பர்வைசர் பிசிறு வெட்டுவது இந்தக் கம்பெனியில் வழக்கமில்லை. கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டுப் போனார். போகட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ரஸ்மிதா கேட்டாள். "அபா, உண்மை சொல்லு. உனக்கு ஒரியா எவ்ளோ புரியும்?"

"மு கிச்சி புஜிபாரே நாஹி" என்றேன். எனக்கு எதுவும் புரியாது என்று அர்த்தம். முழு வாக்கியம், ஒரு பிசிறு இல்லாமல்.

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 13, வியாழன்

வாத்து முடிந்தது. இரண்டு மூட்டை மட்டும் மடிக்கப் பாக்கி இருக்கிறது.

சாயங்காலம் மேனேஜர் அறை. இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பதினாலு. ஏதாச்சும் நடந்தா அந்த ரஸ்மிதாளத்தான் அனுப்பறது. எனக்கு அவ மேலதான் சந்தேகம். ஏஜெண்டுகிட்டயும் பேசிட்டேன். ஆனா மொதலாளி சந்தேகத்துக்கெல்லாம் ஆள அனுப்பக் கூடாதுங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லோணும். வாயத் தொறக்கக்கூட வேண்டாமுங்க. தலைய ஆட்டுனாப் போதும்."

நமக்கு எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டிப் பழக்கம். பஸ் கண்டக்டர் கேட்டாலும் ஆட்டுவோம், ஜோசியர் கேட்டாலும் ஆட்டுவோம். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நல்ல டைலருங்க அவ" என்றேன்.

"நான் அதக் கேக்கலீங்க."

"எனக்குத் தெரிஞ்சது அதுதானுங்க."

வெளியே வரும்போது இன்சார்ஜ் நாற்காலி காலியாக இருந்தது. துணி மெத்தை தைத்துப் போட்டிருந்தார்கள். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜூன் 14, வெள்ளி

காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தபோது சத்தமே இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. நாற்பது பேரும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் காலும் ஸ்டூலுக்கு மேலே. பாதம் முழுக்கச் சிவப்பு. செம்பஞ்சு கிடைக்கவில்லை போலிருக்கிறது, நகப்பூச்சில் வரைந்திருந்தார்கள். கூனிக்கு இது இரண்டாவது ரொஜொ. அவள் மலைக்காட்டில் இந்தப் பண்டிகையே கிடையாதாம். அவள் கால்தான் எல்லாரையும்விடச் சிவப்பாக இருந்தது.

மேனேஜர் வந்தார். முதலில் இந்தியில் சொன்னார். யாரும் அசையவில்லை. பிறகு தமிழில் சொன்னார். ரஸ்மிதா மடியில் கையை வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்தபடி இருந்தாள். அவர் அவளையே பார்த்தபடி இருந்தார்.

"சம்பூரணம், இப்ப உங்க ஒரியாவக் காட்டுங்க. அதட்டுங்க. காது கிழியோணும்."

அதட்டியே ஆக வேண்டும். நான் அதட்டாமல் நின்றால் அடுத்து அவர் ரஸ்மிதாவின் பெயரைச் சொல்லிவிடுவார். சரி என்று முன்னால் போய் நின்றேன். இருபத்தாறு வருஷக் குரல் இருக்கிறது, அதற்குக் குறைவில்லை. ஆனால் வாயைத் திறந்து தேடிப் பார்த்தால், உள்ளே ஒரு திட்டுகூட இல்லை. அவள்தான் ஒன்றும் கொடுக்கவில்லையே. காய்கறி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இருப்பதை எடுத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தகரக் கூரை அதிரக் கத்தினேன்.

"தொகி கொலொ கி? பொஸொ! டிகே பொஸொ! பாணி பியொ! டொரொ நாஹி! டொரொ நாஹி!"

களைத்துவிட்டீர்களா, உட்காருங்கள், கொஞ்சம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள். கூனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின் வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள். ரஸ்மிதா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்படித்தானுங்க" என்றார் மேனேஜர். காத்திருந்தார். யாரும் காலைக் கீழே இறக்கவில்லை. ஒருத்தி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"என்னதானுங்க சொன்னீங்க?"

"உக்காரச் சொன்னேனுங்க."

"உக்காந்துட்டுத்தான இருக்கறாளுக! எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்க. யாரு இவளுகள உக்காரச் சொன்னது? அந்தப் பேர மட்டும் சொல்லுங்க."

"நானுங்க."

"என்னதுங்க?"

"நாந்தானுங்க. உங்க முன்னாலதான சொன்னேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூனியிடம் திரும்பி, "ஏ புள்ள, நெசத்தச் சொல்லு, யாரு சொன்னது?" என்று கேட்டார். அவள் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அபா" என்றாள்.

அடுத்தவளைக் கேட்டார். அபா. அதற்கடுத்தவள். அபா. அவர் கேட்காதவர்களும் சொன்னார்கள். கடைசியாக ரஸ்மிதா எழுந்து நின்றாள். "சார், நான்தான்..." என்று ஆரம்பித்தாள். நான் ஒரியாவில் "பொஸொ" என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

என்னை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏஜெண்டுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் எனக்கு ஏஜெண்டு கிடையாது. ரயிலேற்ற முடியாது, என் ஊர் இங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். மாப்பிள்ளையும் யாரும் தயாராக இல்லை. அறைக்குக் கூட்டிப்போய், இன்சார்ஜ் வேலையைக் கட்டிங் மாஸ்டரின் மச்சானுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சரிங்க என்றேன். கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் என்ன, நன்றாகவே வலித்தது.

"இன்னைக்கு, நாளைக்கு, நாளன்னைக்கு, மூணு நாள் கம்பெனிப் பக்கம் வராதீங்க. சஸ்பெண்டு."

ஞாயிறு எப்படியும் லீவுதான். அதையும் சேர்த்து மூன்று என்று கணக்கு வைத்துக்கொண்டார். எந்த மூன்று நாள் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

வாத்தெல்லாம் ஏற்கனவே முடிந்துவிட்டதை ஸ்டோரில் போய்ப் பார்த்திருக்கிறார். பத்து மணிக்கு லைனையே ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார். முதலாளியிடம் கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் வெளியேறும்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 15, சனி

வாசல் கூட்டவில்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை. நேற்று சாயங்காலம் கூனி வந்து வாழையிலையில் சுற்றிக் கொடுத்துப் போன பிட்டா இருந்தது. வெல்லமும் தேங்காயும் போட்டுக் கருகக் கருகச் சுட்டது. அதைத் தின்றேன். கட்டிலில் சாய்ந்து, காலைத் தூக்கிக் கம்பியில் வைத்துக்கொண்டேன். முதல் ஒரு மணி நேரம் குற்றவாளி மாதிரி இருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

மத்தியானம் பக்கத்து வீட்டு ருக்குமணி எட்டிப் பார்த்தாள்.

"என்னுங்கக்கா, வாசலும் கூட்டல, அடுப்பும் எரியல. ஒடம்புக்கு முடியலீங்களா?"

"ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது. இன்னைக்கு நோம்பி."

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தாளைத் தூக்கி அடுத்த மாதத்தையும் பார்த்தாள்.

"ஒண்ணும் போடலீங்களே. யாருக்குங்கக்கா நோம்பி?"

"எங்களுக்கு" என்றேன்.